ஒப்பொனோனித் துறையில் ஓர் ஓங்கில்



கடலாடுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரத்திலே கடலாடு காதை என்று ஒரு காதையே இருக்கிறது. ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடலிலே முழுகி எழும் மக்களை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயின், அந்த நீராட்டங்களிலே கடல்வாழ் உயிர்கள் வந்து கலந்துகொள்வதில்லை; கலந்துகொள்ள வேண்டுமென்று எவரும் விரும்புவதுமில்லை. மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தோர் சுறாவுக்கு அஞ்சியே வாழ்ந்தனர். சுறாவின் வாயைக் கட்டவல்லவர் என்று நம்பப்பட்ட 'கடல் கட்டி' வந்து மந்திரம் செபித்தாலன்றி அவர்கள் நீரில் இறங்குவதில்லை. இந்த நம்பிக்கையைத் தாம் சிறிதும் ஏற்றுக்கொள்ளாத ஆங்கில ஆட்சியாளரும், முத்துக் குளிப்பு நின்றுவிடக் கூடாதே என்ற கவலையினால், கடல் கட்டிக்கு அரசாங்கச் செலவிலே ஊதியம் கொடுத்து வந்தனர். கடல் விலங்கு இருக்கும் நீரிலே மனிதன் இறங்குவது என்றால் நம் முன்னோர் அறிந்தது இதுவே. வயிற்றுப் பாட்டுக்காகச் செய்தார்கள், பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை.

விடுமுறையைக் கழிப்பதற்கென்று கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் ஐரோப்பாவிலும் பழையதன்று. 1750களிலே ரிச்சர்ட் ரசல் என்னும் ஆங்கில வைத்தியர், கடல் நீரில் குளிப்பதும் கடல் நீரைக் குடிப்பதுங்கூடப் பல நோய்களுக்கு மருந்து என்று எழுதினார். அதனை நம்பிச் செல்வர்கள் பிரைட்டன் என்ற மீனவர் ஊருக்குத் திரண்டனர். புகைவண்டி வந்தபின் தொழிலாளர் குடும்பங்களும் அங்கே சென்றன. மருந்தாகத் தொடங்கியது விளையாட்டாக முடிந்தது. ஆங்கிலேயர் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் இவ்வழக்கமும் கூடவே சென்றது. நியூசிலாந்திலே நத்தார் காலம் கோடைகாலம். ஆதலின் அங்கே திசெம்பர் பிறந்ததும் கூடாரங்களைக் கட்டிக்கொண்டு கடற்கரையை நாடுதல் குடும்ப வழக்கமாயிற்று. இன்று நான் சொல்லப்போகும் வரலாறு அத்தகைய ஒரு கோடைகாலத்திலே நிகழ்ந்தது.

நியூசிலாந்தின் வடதீவிலே, அதன் வடமேற்குக் கரையில், ஹொக்கியாங்கா என்னும் நீண்ட கடற்கழி ஒன்று உண்டு. மாவோரி மக்களின் முன்னோனான கூப்பே என்பவன் தன் தாயகத்துக்குத் திரும்பிச் சென்ற துறை இதுவென்று அவர்கள் மரபு கூறும். அந்தப் பெயரின் பொருளே 'திரும்பிச் செல்லுதல்' என்பதுதான். கழியின் வாயிலுக்கு அண்மையிலே, தென்கரையில், ஒப்பொனோனி என்னும் சிற்றூர் இருக்கிறது. சில வீடுகளும் ஒரு கடையும் ஒரு விடுதியும் உள்ள ஊர். 1955ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இத்துறையில் மீன் பிடிக்கச் சென்றோரின் படகுகளுக்குப் பின்னால் ஒரு முதுகுத்துடுப்பு தோன்றித் தொடரலாயிற்று. முதலிற் சுறா என்றே எண்ணினர். பின்னரே அஃது ஓர் ஓங்கில் என்பது தெரிந்தது.

ஓங்கில் என்பதை இன்று நாம் டொல்பின் என்றே பெரிதும் வழங்குகிறோம். மீன்போலத் தோன்றினும் அது மீனன்று. நுரையீரலாற் சுவாசித்து, குட்டியீன்று, பாலூட்டும் விலங்கு. கூட்டமாய் வாழ்வதே அதன் இயல்பு. ஒப்பொனோனிக்கு வந்ததோ தனித்து வந்தது. அதன் தாயை எவரோ சுட்டுக் கொன்றுவிட்டதனாலே தனித்துப்போன குட்டி அது என்று ஊராரிற் சிலர் சொல்வதுண்டு. படகுகளின் வெளியிணைப்பு மோட்டார் எழுப்பும் ஒலி அதற்கு மிகவும் பிடித்திருந்தது. மோட்டாரை முடுக்கினால் எங்கிருந்தோ விரைந்து வரும். படகிலிருப்போர் துடுப்பாலும் துடைப்பத்தாலும் அதன் முதுகைச் சொறிந்துவிட, அது சுகமாகக் கிடக்கும்.

முதலில் அதற்கு 'ஒப்பொனோனி ஜாக்' என்று பெயரிட்டனர். இந்த 'ஜாக்' என்னும் பெயருக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1888ஆம் ஆண்டிலிருந்து 1912ஆம் ஆண்டுவரை, வெலிங்டனுக்கும் நெல்சனுக்கும் இடையே சென்ற நீராவிக் கப்பல்களை, பிரெஞ்சுக் கணவாய் எனப்படும் அபாயமான நீரிணைக்கு அண்மையிலே எதிர்கொண்டு உடன்வந்த ஓர் ஓங்கில் இருந்தது. அதன் பெயர் பெலோரஸ் ஜாக். அதனைக் காண்பதற்கென்றே பயணிகள் கப்பலேறினர். அங்கே வாழும் மாவோரிக் குலத்தாரோ, அது தம் குலத்தைக் காக்கும் கைக்கையாவாரோ என்னும் நீர்த்தெய்வம் என்றனர். எவனோ ஒருவன் கப்பலிலிருந்து அதனைச் சுட முயன்றான் என்ற செய்தி பரவவே, 1904ஆம் ஆண்டு செத்தெம்பரிலே, அவ்வினத்து ஓங்கில்களைக் குக் நீரிணையிற் பிடிப்பதைத் தடைசெய்து அரசாங்கம் கட்டளை பிறப்பித்தது. ஒரு தனி விலங்கின் பொருட்டு ஓர் அரசாங்கம் சட்டம் இயற்றிய அரிய சந்தர்ப்பம் அது. சட்டம் இனத்தைக் குறித்ததாயினும், எல்லோருடைய மனத்திலும் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஒப்பொனோனி ஜாக் ஆணன்று, பெண் என்பது பின்னர் தெரிந்தது. ஆதலின் பெயரை 'ஒப்போ' என்று சுருக்கிக்கொண்டனர். 1955ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒப்போ படகுகளை விட்டுக் கரையோரத்துக்கே வந்து, இடுப்பளவு நீரிலே குளிப்போரிடையே நீந்தத் தொடங்கியது. சிறுவர்கள் வட்டமாய் நின்று பந்தெறிந்தால், அது நடுவே வந்து பந்தை மூக்கினால் தூக்கி எறியும். காற்றடைத்த பந்தை நீருக்கடியிற் கொண்டுபோய் விட்டு, அது துள்ளி மேலெழும்போது தானும் துள்ளும். வெறும் பியர்ப் போத்தலை மூக்கின்மேல் நிறுத்திக் காட்டும். இதற்கெல்லாம் எவரும் அதனைப் பழக்கவில்லை; எவரும் அதற்கு மீன் கொடுத்து வசப்படுத்தவுமில்லை. அதுவாகவே வந்தது, அதுவாகவே விளையாடியது. அதனுடைய பெருங் கவர்ச்சி இதிலேயே இருந்தது என்று நான் கருதுகிறேன். வேடிக்கைக் கூடத்திலே குளத்திலடைத்த விலங்கு பந்தெறிவதைப் பார்த்து வியப்பதும், எந்நேரமும் கடலுக்குள் போய்விடக்கூடிய விலங்கு போகாமல் நிற்பதைக் கண்டு வியப்பதும் ஒன்றல்ல.

அவ்வூரிலே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒப்போ மற்றெல்லோரையும்விட அவளையே தேடி வரும். அவள் காலிடையே புகுந்து அவளைச் சிறிது தூரம் சுமந்து செல்லும். அவள் சிறு பிள்ளைகளைத் தூக்கி அதன் முதுகில் வைத்தால் பொறுத்துக்கொள்ளும். அவள் மென்மையாகத் தொட்டாள், மற்றவர்கள் பாய்ந்து பிடித்தார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முரட்டுத்தனமாகப் பிடிப்போரை ஒப்போ கடித்ததில்லை, மோதியதுமில்லை. வாலினால் நீரை ஓங்கி அடித்துவிட்டு அப்பாற் சென்றுவிடும்.

செய்தித்தாள்களிலே படங்கள் வெளிவந்தன. நத்தார் விடுமுறை தொடங்கியதும் மக்கள் வெள்ளம் புரண்டது. வார இறுதி நாட்களில் இரண்டாயிரம் பேர் வரை அச்சிற்றூருக்கு வந்தனர். குறுகிய வீதியிலே கார்களும் பஸ் வண்டிகளும் வரிசையாய் நின்றன. கடையிலே பண்டங்கள் தீர்ந்தன. உடுத்த உடையோடு நீரிற் பாய்ந்தோரும் உண்டு. இத்தனை பெருங்கூட்டம் கூடிய இடத்திலே எதிர்பார்க்கக்கூடிய சண்டை சச்சரவுகள் அங்கே இல்லை என்றும், அந்த விலங்கின் முன்னிலையிலே மக்கள் மனம் ஏதோ இளகியிருந்தது என்றும் அக்காலத்தார் எழுதினர். ஆன்டனி ஆல்ப்பர்ஸ் என்னும் நியூசிலாந்து எழுத்தாளர் 1960ஆம் ஆண்டு ஓங்கில்களைப் பற்றி வெளியிட்ட நூலிலே இந்நிகழ்ச்சி விரிவாக இடம்பெற்றது.

ஆயினும், இரண்டாயிரம் பேரில் எல்லோரும் நல்லவராயிருத்தல் இயலுமா? சிலர் வாலைப் பிடித்திழுத்தனர். சிலர் அதனைப் புரட்டிப்போட முயன்றனர். துப்பாக்கி வைத்திருப்போரைப் பற்றிய அச்சமும் இருந்தது. எனவே, ஊரார் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்தனர். ஒப்பொனோனிக்கு வருக, ஆனால் எங்கள் ஓங்கிலைச் சுட முயலாதீர் என்ற கருத்திலே வீதியோரம் அறிவிப்புப் பலகை நாட்டினர். அத்துடன் அமையாது, சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்டனர். அரசாங்கமும் இசைந்தது. 1956ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் திகதி ஒழுங்குவிதி பிறந்தது. ஹொக்கியாங்காத் துறைக்குள் எந்த ஓங்கிலையும் பிடிப்பதோ தொல்லைப்படுத்துவதோ குற்றம். தண்டம் 50 பவுண். அன்று நள்ளிரவு முதல் விதி அமுலுக்கு வந்தது.

மார்ச்சு 9ஆம் திகதி ஒப்போவின் உடல் கௌத்து முனையிலுள்ள பாறைகளின் இடுக்கிலே கிடக்கக் கண்டனர்.

வற்றிய கடலிலே மீனைத் துரத்திச் சென்று பாறையிடுக்கில் அகப்பட்டுக்கொண்டது என்றனர் ஒரு சாரார். வெடிமருந்திட்டு மீன் பிடித்தோரின் வெடியினால் இறந்தது என்றனர் மற்றொரு சாரார். வெடிவைத்து மீன் பிடிப்போரை நம் கரைகளிலும் நாம் அறிவோம். அவர்கள் எதனையும் குறிவைப்பதில்லை, எல்லாவற்றையும் கொல்வார்கள். எவ்வாறாயினும், சட்டம் பிறந்தபின் ஒரு முழு நாள்கூடச் செல்லவில்லை. ஊரிலே துக்கம் பரவியது. போர்வீரர் நினைவு மண்டபத்தின் அருகிலே ஒப்போவை அடக்கஞ் செய்து, மேலே மலர் பரப்பினர். அக்கோடையிலே ஒப்போவைப் பற்றி இசைத்தட்டுப் பாடலொன்றும் உருவாகியிருந்தது. ருடல் ஹேவர்ட், இராமாய் ஹேவர்ட் தம்பதியர் சிறு திரைப்படமொன்றும் எடுத்திருந்தனர். மகிழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட இவ்விரண்டும் நினைவுச் சின்னங்களாக மாறின. 1960ஆம் ஆண்டிலே ரசல் கிளார்க் என்னும் சிற்பி, சிறுவனும் ஓங்கிலும் விளையாடுவதாகச் செதுக்கிய கற்சிலையும் அங்கே நாட்டப்பட்டது.

இனி, நேயர்களை ஏறக்குறைய ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வட ஆபிரிக்காவிலே, இன்று தூனிசியா எனப்படும் நாட்டிலே, பிசேர்த்தா என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. உரோமர் காலத்திலே அதன் பெயர் ஹிப்போ. பெயரொற்றுமையைக் கவனியுங்கள்: அது ஒப்போ, இது ஹிப்போ. இது வெறுந் தற்செயலே. ஆனால் நிகழ்ச்சிகளின் ஒற்றுமை அவ்வாறு எளிதிலே தள்ளிவிடத் தக்கதன்று.

ஹிப்போவின் அருகே ஓர் உப்பேரி இருந்தது. அதிலிருந்து கடலுக்கு ஓடிய கால்வாயிலே, கடல் பெருகும்போது நீர் உள்ளே பாயும், வற்றும்போது வெளியே ஓடும். ஊர்ச் சிறுவர்கள் யார் கரையைவிட்டு அதிக தூரம் நீந்துவது என்று போட்டியிடுவர். ஒரு நாள் எல்லோரையும் விஞ்சிச் சென்ற சிறுவன் ஒருவனை ஓர் ஓங்கில் எதிர்ப்பட்டது. முன்னே சென்றது, பின்னே வந்தது, சுற்றியது, ஈற்றிலே அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடுக்கடலை நோக்கிப் போயிற்று. அவன் நடுங்கினான். ஆனால் அது திரும்பி, அவனைக் கரையிலே அவன் தோழரிடம் சேர்த்தது. மறுநாள் ஊரே கரையிலே கூடியது. ஓங்கில் வந்தது, சிறுவர்கள் ஓடினர். அதுவோ துள்ளியும் முழுகியும் அவர்களை அழைப்பதுபோல் ஆடிற்று. இவ்வாறு பல நாள். கடலோடு பிறந்து வளர்ந்த மக்கள் தம் அச்சத்தை எண்ணித் தாமே வெட்கினர். கிட்டப் போயினர், தொட்டனர், தடவினர். அச்சிறுவன் மறுபடியும் அதன் முதுகில் ஏறினான்.

இக்கதையை எழுதியவர் இளைய பிளினி என்னும் உரோமப் பிரபு. கனினியுஸ் என்னும் கவிஞருக்கு எழுதிய கடிதமொன்றிலே, உமது பாட்டுக்கு ஏற்ற பொருள் ஒன்று அகப்பட்டது என்று கூறி இதனை வரைந்தார். கதையின் முடிவைக் கேளுங்கள். தேசாதிபதியின் துணைவராயிருந்த ஒக்தாவியுஸ் அவித்துஸ் என்பவர், அந்த விலங்கிலே தெய்வத்தன்மை இருப்பதாக எண்ணிப் போலும், அது கரையோரம் வந்தபோது அதன்மேல் வாசனைத் தைலத்தை ஊற்றினார். அந்தப் புதிய மணத்தைத் தாங்காது அது ஆழ்கடலுக்கு ஓடிற்று. பல நாள் கழித்தே சோர்வுடன் மீண்டு வந்து பழைய நிலையை அடைந்தது. அதற்குள் இந்த அற்புதத்தைக் காண நாடெங்கிலுமிருந்து அதிகாரிகள் வந்து குவிந்தனர். உரோம ஆட்சியிலே, பயணஞ் செய்யும் அதிகாரிகளுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பது ஊராரின் கடமை. சிற்றூரின் பொதுப்பணம் கரைந்தது. ஊரின் அமைதியும் குலைந்தது. ஈற்றிலே ஊர்ப் பெரியோர் கூடி, எதனைக் காண்பதற்காக இவர்கள் வருகிறார்களோ அதனை மறைவாகக் கொன்றுவிடுவதென்று முடிவு செய்தனர். அவ்வாறே செய்தனர்.

இதனை நம்பலாமா என்பது வரலாறு படிப்போர் கேட்க வேண்டிய வினா. நெடுங்காலம் அறிஞர் பலர் நம்பவில்லை. கிரேக்கர் கதைகளிலே பாடகன் அரியோனைக் கடலினின்று காப்பாற்றிய ஓங்கில் வருகிறது. தாரந்தும் நகரத்து நாணயங்களிலே ஓங்கிலேறிய இளைஞன் காணப்படுகிறான். பிளினியின் கதையும் அக்கட்டுக்கதைகளின் வரிசையிலே வைக்கப்பட்டது. ஆனால், இதே நிகழ்ச்சியை அவருடைய தாய்மாமனாகிய மூத்த பிளினியும் தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் ஒன்பதாம் புத்தகத்திலே குறித்திருக்கிறார். அவர் வெசூவியுஸ் எரிமலை வெடித்த கி.பி. 79ஆம் ஆண்டிலே இறந்தவர். மருமகனுடைய கடிதமோ அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. மூத்தவர் சில வரிகளிலே, அலங்காரமின்றி முடிக்கிறார்: ஓங்கில் மனிதர் கையிலிருந்து உணவுண்டது, தொட இடங்கொடுத்தது, நீந்துவோருடன் விளையாடி அவர்களைச் சுமந்தது, தேசாதிபதி பிளாவியானுஸ் அதற்குத் தைலம் பூசினார், அதனால் மயங்கிச் செத்ததுபோல் மிதந்தது, அவமதிக்கப்பட்டதுபோலச் சில மாதங்கள் மனிதரை விலகி நின்று பின் மீண்டது, பார்க்க வந்த அதிகாரிகளால் ஊராருக்கு நேர்ந்த தொல்லையினாலே கொல்லப்பட்டது.

இருவர் கூற்றையும் ஒப்பிடுங்கள். மூத்தவரின் குறிப்பிலே தனிச் சிறுவன் இல்லை. இளையவரின் கடிதத்திலே அவனே கதாநாயகன். தைலம் ஊற்றியவரின் பெயர் வேறுபடுகிறது. முப்பது ஆண்டுகளாக விருந்து மண்டபங்களிலே வாய்வழி உலாவிய கதை அழகு பெற்றிருக்கிறது என்பது தெளிவு. ஆனால் இரண்டிலும் மாறாமல் நிற்பவை மூன்று: ஓங்கில் தானாகவே மனிதரை நாடி வந்தது, மனிதர் அதனை வருத்தினர், கூட்டத்தின் பாரத்தினாலே அது மாண்டது. கதை கட்டுவோர் பொதுவாக வியப்பைச் சேர்ப்பார்களேயன்றி, ஊர்ச் செலவுக் கணக்கைச் சேர்க்கமாட்டார்கள். தைலப் பூச்சும் விருந்தோம்பற் கடனும் கற்பனையிற் பிறக்கக்கூடிய விவரங்களல்ல என்பது என் துணிபு. 1956ஆம் ஆண்டிலே நியூசிலாந்துக் கடற்கரையில் இரண்டாயிரம் பேர் கண்ணாற் கண்டதும், படச்சுருளிலே பதிந்ததும், ஹிப்போவின் கதைக்கு ஓர் இடத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தன. பழைய சாட்சியை நாம் அறியாத ஒன்று என்பதற்காகவே பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்கு அகப்பட்டதில்லை.

ஓர் வேற்றுமையையும் சொல்லவேண்டும். ஹிப்போவின் மக்கள் தம் ஊரின் அமைதிக்காக விலங்கைக் கொன்றனர். ஒப்பொனோனி மக்கள் விலங்கின் அமைதிக்காகத் தம் விருந்தினரைக் கட்டுப்படுத்த முயன்றனர். முன்னவர்களைக் கொடியவர் என்று எளிதிலே தீர்ப்பளித்துவிடுகிறோம். ஆனால் அவர்களுக்கு வாயிலை அடைக்கும் உரிமை இல்லை; வருபவர் அதிகாரி; வராதீர் என்று சொல்ல முடியாது. தம்மால் தடுக்கக்கூடிய ஒன்றைத் தடுத்தார்கள். பின்னவர்களுக்குக் குழு அமைக்கவும், பலகை நாட்டவும், அரசாங்கத்தைக் கேட்கவும் இடமிருந்தது.

ஒப்போவுக்குப் பின் உலகத்தின் ஆவல் பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1964ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 'பிளிப்பர்' என்னும் தொடர் தொடங்கி, ஓங்கிலைப் பிள்ளைகளின் தோழனாக்கியது. தனித்து வந்து மனிதரோடு பழகும் ஓங்கில்கள் வேறு பல கடற்கரைகளிலும் தோன்றின. அயர்லாந்தின் டிங்கிள் துறையிலே பங்கி என்பது 1983ஆம் ஆண்டளவில் தோன்றி 2020ஆம் ஆண்டு ஒக்தோபர் வரை அங்கேயே வாழ்ந்தது. நியூசிலாந்தின் மாகியாக் கரையிலே மோக்கோ என்பது 2008ஆம் ஆண்டு மார்ச்சிலே கரையொதுங்கிய இரு சிறு திமிங்கிலங்களுக்கு வழிகாட்டி அவற்றைக் கடலிற் சேர்த்ததென்று கண்டோர் கூறினர். 2010ஆம் ஆண்டு அதன் உடல் கரையொதுங்கியது. பிரேசில் நாட்டிலே 1994ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறு வகை. தியாவோ என்று பெயரிடப்பட்ட ஓங்கிலைக் குளிக்க வந்தோர் பற்றிப் பிடித்தும், அதன் சுவாசத் துளையிலே பொருள்களைத் திணிக்க முயன்றும் வதைத்தனர். அது பலரைக் காயப்படுத்தியது, ஒருவர் இறந்தார். வாலால் நீரை அடித்துவிட்டு விலகிச் செல்லும் பொறுமை எல்லா விலங்குக்கும் எப்போதும் இராது.

தனித்து வருபவை மிகச் சில. வருவோரின் ஆவலுக்கு அவை போதா. ஆதலின் 1980களுக்குப் பின், கூட்டமாய் வாழும் ஓங்கில்களை நாடிப் பயணிகளைப் படகிலேற்றிச் சென்று நடுவிலே இறக்கிவிடும் தொழில் பல நாடுகளிலே வளர்ந்தது. அங்கே நிலைமை முற்றிலும் வேறு. ஒப்போ மனிதரைத் தேடி வந்தது. இங்கே மனிதர் தேடிப் போகின்றனர். ஹவாய்த் தீவுகளின் சுழல் ஓங்கில்கள் இரவு முழுவதும் ஆழ்கடலிலே இரைதேடி, பகலிலே ஆழங்குறைந்த குடாக்களுக்கு உறங்க வருபவை. ஓங்கில் நம்மைப் போலப் படுத்துறங்குவதில்லை. மூச்சுக்காக மேலெழ வேண்டியிருப்பதனால், மூளையின் ஒரு பாதி விழித்திருக்க மறுபாதி ஓய்வெடுத்தபடியே மெல்ல நீந்திக்கொண்டிருக்கும். பார்ப்பவர்க்கு அது விளையாட வந்ததுபோலத் தோன்றும். உறங்குபவர் வீட்டுக்குள் நாள்தோறும் பகலிலே கூட்டம் புகுந்து கைதட்டினால் எப்படியிருக்கும்? 2021ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம், அத்தீவுகளை அடுத்த கடலிலே சுழல் ஓங்கில்களுக்கு 50 யார் தூரத்துக்குள் நெருங்குவதையும் அவற்றோடு நீந்துவதையும் தடைசெய்தது.

அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள மங்கி மியாவிலே வேறொரு பாடம். அங்கே 1960களிலிருந்து மீனவரும் பின்னர் விருந்தினரும் கரைக்கு வரும் ஓங்கில்களுக்கு மீன் கொடுத்து வந்தனர். தாய் கரையிலே கையேந்தி நிற்கும் நேரத்திலே குட்டி பால் குடிக்கவோ இரைதேடப் பழகவோ இயலவில்லை. தாயின் பாதுகாப்பும் அதற்கு இல்லை. உணவு பெறும் தாய்மாரின் குட்டிகள் மற்றவற்றினும் அதிகமாக மடிந்தன என்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 1995ஆம் ஆண்டிலே உணவின் அளவையும் நேரத்தையும் இறுக்கமாக வரையறுத்தபின் குட்டிகள் பிழைக்கத் தொடங்கின.

நம் கடலுக்கும் இதில் ஒட்டுண்டு. ஹவாயிலே வாழும் அதே சுழல் ஓங்கில் இனம் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள கடலிலே பெருங்கூட்டங்களாய்த் திரிகிறது. கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை அமைதியான கடலிலே படகுகள் அவற்றைத் தேடிச் செல்கின்றன. மிரிசையிலே திமிங்கிலம் பார்க்கும் தொழில் 2008ஆம் ஆண்டளவிலிருந்து வேகமாய்ப் பெருகியது; 2012ஆம் ஆண்டிலே இதற்கென ஒழுங்குவிதிகள் பிறந்தன. இக்கடுவையிலே முழங்கால் நீரில் நின்று கடலாமைகளுக்குப் பாசி ஊட்டும் விருந்தினரைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆமை மனிதனுக்கு அஞ்சாமல் வருவதைக் காணப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மகிழ்ச்சி! அந்த அச்சமே கடலாமையின் கவசம் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்வார் அதிகம் பேர் இல்லை.

மீண்டும் நியூசிலாந்துக்கு வருவோம். ஒப்பொனோனியிலிருந்து காரிலே இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட தூரத்தில், எதிர்க்கரையிலே, தீவுகளின் குடா என்னும் புகழ்பெற்ற விடுமுறைத் தலம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அந்நாடு கடற்பாலூட்டிகள் அனைத்தையும் காக்கும் சட்டத்தை இயற்றியது. ஒப்போவுக்கென்று ஒரு துறைக்குள் அடங்கிய பாதுகாப்பு அதனால் நாடெங்கும் பரந்தது. ஆனால் அதே சட்டத்தின்கீழ், அனுமதி பெற்ற படகுகள் தீவுகளின் குடாவிலே பயணிகளை ஓங்கில்களோடு நீந்தவும் விட்டன. அனுமதி இருந்தது, கட்டணம் இருந்தது, வழிகாட்டி இருந்தார். இருந்தும், அக்குடாவை நாடும் ஓங்கில்கள் 1999ஆம் ஆண்டுக்குப் பின் நூற்றுக்கு 66 வீதம் குறைந்துவிட்டன என்று இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் 2019ஆம் ஆண்டிலே அறிவித்தது. அடிக்கடி வருவனவாக எஞ்சியவை 19. பிறக்கும் குட்டிகளில் நூற்றுக்கு 75 வீதம் மடிந்தன. ஓங்கில்கள் இரைதேடவும் ஓய்வெடுக்கவும் பாலூட்டவும் வேண்டிய பொழுது படகுகளோடும் நீந்துவோரோடும் கழிந்துபோயிற்று. மனிதர் அவற்றை வெறுக்கவில்லை. மனிதர் அவற்றை மிக விரும்பியதே அவற்றுக்குக் கேடாயிற்று என்று திணைக்களத்தார் விளக்கினர். அவ்வாண்டே அக்குடாவில் அவ்வினத்தோடு பயணிகளை நீந்தவிடுவதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு திசெம்பரிலே குடா முழுவதும் கடற்பாலூட்டிகளின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, படகோட்டியாயினும் நீந்துவோராயினும் அவற்றுக்கு 300 மீற்றருக்கு அப்பாலேயே நிற்க வேண்டுமென விதிக்கப்பட்டது. ஓங்கில் தானாகவே நெருங்கி வந்தால், மோட்டாரை முடுக்கி விளையாட்டுக் காட்டாமல், அதனைவிட்டு மெல்ல அகன்று போகவேண்டியவர் மனிதரே.